முதல் மூன்று வகுப்புகளுக்குக் கற்றல் மூலை: இடம் பார்ப்பது முதல் பதிவேட்டில் ஏற்றுவது வரை

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்து, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையான பிள்ளைகளைப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியருக்கான வழிகாட்டி இது. ஒரே அறை, 25 முதல் 30 பிள்ளைகள், இரண்டு மூன்று வகுப்புகள் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் நிலை என்று கொண்டே எல்லா அளவுகளும் தரப்பட்டுள்ளன. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்த பிறகு, கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்த மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு குழுவோடு நீங்கள் உட்காரும்போது மற்ற இரண்டு குழுவும் சும்மா இருக்கக் கூடாது என்றால் கற்றல் மூலை வேண்டும்; அதாவது அட்டை, குச்சி, புத்தகம் போன்றவற்றைப் பிள்ளைகள் தாங்களே எடுத்து வேலை செய்யும் வகுப்பறை மூலை.

பொருள் போதாமல் மூலை பாழானது என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. பிள்ளைக்கு எட்டாத உயரம், எடுத்ததை எங்கே திருப்பி வைப்பது என்று தெரியாத குழப்பம், தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பூட்டிய அலமாரி: இந்த மூன்றுமே அதைக் கெடுக்கின்றன. கீழே உள்ள படிகளில் முக்கால்வாசி இவற்றைத் தவிர்ப்பதற்குத்தான்.

செலவுக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடலாம். பள்ளியில் பழைய அலமாரி இருந்தால் ஏறத்தாழ 2,000 முதல் 2,500 ரூபாய்க்குள் முடியும். புதிதாக இரும்பு ரேக் வாங்கினால் 5,000 ரூபாயைத் தொடும். விலை ஊருக்கு ஊர் மாறும். ஒரு ரூபாயும் இல்லாமல் தொடங்குவதாக இருந்தால் 4-ஆம் படியில் உள்ள கணக்குப் பெட்டியை மட்டும் முதலில் செய்யுங்கள்.

1. தலைமையாசிரியரிடம் பேசி முடிக்க வேண்டியவை

சுவரில் ஆணி அடிப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள். இந்த அறை அடுத்த கல்வியாண்டும் இதே வகுப்புக்குத்தானா? கட்டடம் வெள்ளையடிப்புக்கோ பழுதுபார்ப்புக்கோ பட்டியலில் இருக்கிறதா? இந்த அறை வாக்குச்சாவடியா?

மூன்றாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாக்குச்சாவடி என்றால் தேர்தலுக்கு முந்தைய நாள் அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும். சுவரில் ஒட்டியதைக் கிழித்துவிட்டு வேட்பாளர் பட்டியலை ஒட்டுவார்கள். கடலோரப் பள்ளியாக இருந்தால் புயல் நேரத்தில் அதே அறை நிவாரண முகாம் ஆகும். எனவே மூலையில் உள்ள எதுவும் சுவரோடு நிரந்தரமாக ஒட்டியிருக்கக் கூடாது. அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு இன்னோர் அறைக்குக் கொண்டுபோக முடிய வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை மனத்தில் வைத்து வாங்கினாலே பாதி வீண்செலவு நின்றுவிடும்.

2. இடம்

இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் தரை கிடைத்தால் போதும். ஐந்தாறு பிள்ளைகள் கால் மடக்கி உட்கார்ந்து நடுவில் அட்டைகளைப் பரப்ப அந்த இடம் காணும். கதவை ஒட்டிய மூலை வேண்டாம்; வருவோர் போவோர் எல்லாரும் அட்டையை மிதிப்பார்கள். மின்சார ஸ்விட்ச் போர்டு இருக்கும் மூலையும் வேண்டாம். கரும்பலகைக்கு நேர் எதிர்ப்புறம், அறையின் பின்மூலை நல்லது. நீங்கள் பாடம் நடத்தும் குழுவுக்குப் பின்பக்கம் வேலை நடக்கும், உங்கள் கண்ணும் அதன்மேல் இருக்கும்.

சுவரைத் தொட்டுப் பாருங்கள். உப்புப் பூத்து, பெயின்ட் பொருக்குத் தட்டியிருந்தால் அந்தச் சுவர் ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறும். அங்கே மாட்டிய எதுவும் பொங்கல் வரை தாங்காது. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரில் வைத்தால் மாலை வெயிலில் அட்டை நிறம் வெளுக்கும். ஈரமா வெயிலா, இரண்டில் ஒன்றுதான் என்றால் வெயிலை ஏற்றுக்கொள்ளலாம். பழைய சேலையைத் திரையாக்கி ஜன்னலில் மாட்டிச் சமாளிக்கலாம்; ஈரத்துக்கு மருந்து இல்லை.

உயரம் முக்கியம். முதல் வகுப்புப் பிள்ளை எக்காமல் எடுக்கும் உயரம் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர். ஆறடி இரும்பு ரேக் வாங்கினால் கீழ் மூன்று தட்டுகள் மட்டுமே பிள்ளைகளுக்கு. மேல் தட்டுகளில் உங்கள் இருப்பை வையுங்கள். ரேக்கை எல் வடிவக் கிளாம்பு போட்டுச் சுவரோடு இறுக்காமல் ஒரு நாள்கூட விடாதீர்கள். மேல் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு பிள்ளை ஏறினால் ரேக் முன்பக்கம் சாயும். துளையிட்ட ஆங்கிள் ரேக்கின் ஓரங்கள் கையைக் கிழிக்கும். பழைய ரப்பர் ஹோஸ் குழாயை நீளவாக்கில் கிழித்து, பிள்ளைகள் கை படும் உயரம் வரை ஓரங்களில் மாட்டிவிடுங்கள்.

சுவரில் நிறைய ஆணி அடிப்பதற்குப் பதில் மரச்சட்டம் ஒன்று வாங்குங்கள். இரண்டு அங்குல அகலம், ஐந்தடி நீளம். இரண்டே இடத்தில் திருகு போட்டுச் சுவரில் இறுக்கினால், படம், பை, கயிறு எல்லாவற்றையும் அந்தச் சட்டத்தில் கொக்கி வைத்து மாட்டிக்கொள்ளலாம். காலி செய்யும்போது இரண்டு திருகைக் கழற்றினால் வேலை முடிந்தது.

தரைக்குப் பிளாஸ்டிக் பாய் போதும். ஜமக்காளம் பார்க்க நன்றாக இருக்கும், மழைக்காலத்தில் காயாது, நாற்றம் அடிக்கும்.

3. எழுத்து அட்டைகள்

மூலையில் அதிகம் கை படப்போவது இவைதான். கடையில் விற்கும் அட்டைப் பெட்டியை வாங்கினால் பெரும்பாலும் ஒவ்வோர் எழுத்தும் ஒன்று ஒன்றுதான் இருக்கும். அதை வைத்து ‘தாத்தா’ என்றுகூட எழுத முடியாது, இரண்டு ‘தா’ வேண்டுமே. 247 எழுத்தையும் இரண்டு இரண்டாக அச்சடிப்பதும் வீண். ஙகர வரிசை முழுதும் பெட்டியில் தூங்கும்.

சொல் கட்டுவதற்கு ஏற்ற ஒரு செட்டின் கணக்கு இது:

உயிரும் ஆய்தமும் 13. இவற்றில் அ, ஆ, இ, உ மட்டும் இன்னொன்று. ஆக 17.

மெய் 18, க், ட், த், ப், ம், ர், ல், ன் ஆகிய எட்டும் கூடுதலாக இரண்டு இரண்டு. ஆக 34.

அகரம் ஏறிய உயிர்மெய் 18. க, ச, ட, த, ப, ம, ர, ல, வ ஆகிய ஒன்பதும் கூடுதலாக இரண்டு இரண்டு. ஆக 36.

தனிக் குறிகள்: துணைக்கால் 6, ஒற்றைக் கொம்பு 3, இரட்டைக் கொம்பு 3, ஐகாரக் குறி 4. ஆக 16.

இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள்: ங, ஞ நீங்கலாக 16 எழுத்துக்கு நான்கு வீதம் 64.

மொத்தம் 167 அட்டை.

கடைசி வரிசைகளை ஏன் தனி அட்டையாகச் செய்ய வேண்டும் என்று தோன்றும். கு, சு, து, மு என்று உகரக் குறி ஒவ்வோர் எழுத்திலும் ஒவ்வொரு விதமாக ஒட்டிக்கொள்கிறது. ‘டி’யும் ‘கி’யும் மேலே வளைகிற விதமும் ஒன்றல்ல. அதைக் குறியாகப் பிரித்து அட்டை செய்தால் பிள்ளை தவறான வடிவத்தைப் பழகிவிடும். துணைக்கால், கொம்பு, ஐகாரக் குறி அப்படியில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் எல்லா மெய்க்கும் ஒரே வடிவம்தான். ஒகர, ஓகாரத்துக்குத் தனிக் குறி வேண்டாம். கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் வைத்தால் ‘கொ’ வந்துவிடும்.

அட்டை அளவு 4.5 சென்டிமீட்டர் சதுரம். குறி அட்டைகள் மட்டும் அதே உயரத்தில் பாதி அகலம். ஒவ்வோர் அட்டையின் அடியிலும் சிவப்புக் கோடு போடுங்கள். கோடு இல்லாவிட்டால் பிள்ளைகள் ப, ட எல்லாவற்றையும் தலைகீழாக வைத்துவிட்டு, புது எழுத்து என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு சிக்கல் கொம்பில் வரும். ‘வெல்லம்’ என்று சொல்லிப் பார்க்கும் பிள்ளைக்கு முதலில் காதில் விழுவது வகரம், ஆனால் கையில் முதலில் வைக்க வேண்டியது கொம்பு. பிள்ளை வகரத்தைப் பாயின் இடது ஓரத்தில் வைத்துவிட்டு, கொம்புக்கு இடமில்லாமல் வலப்பக்கம் வைக்கும். முதல் வாரம் எல்லாச் சொல்லையும் ஒரு கை அகலம் உள்தள்ளித் தொடங்கச் சொல்லுங்கள். சிக்கல் தானாகக் குறையும்.

இரண்டு செட் செய்தால் 334 அட்டை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு செட் வேண்டியதில்லை. மூலையில் ஒரே நேரத்தில் இரண்டு குழுவுக்கு மேல் உட்காரப்போவதில்லை. இரண்டு செட்டையும் இரண்டு வேறு நிறத் தாளில் அடியுங்கள். கலந்துவிட்டால் பிரிக்க அது ஒன்றுதான் வழி.

லேமினேஷன் செய்யும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முழுத் தாளையும் லேமினேட் செய்துவிட்டுப் பிறகு வெட்டினால், வெட்டிய ஓரத்தில் தாள் வெளியே தெரியும். பிள்ளையின் ஈரக்கை பட்டுப் பட்டு அங்கே பிளாஸ்டிக் பிரிந்துவிடும், ஒரு பருவம்கூடத் தாங்காது. முதலில் தாளை வெட்டுங்கள். ஏ4 பவுச்சுக்குள் ஓரங்களிலும் அட்டைகளுக்கு நடுவிலும் இடைவெளி விட்டு நான்குக்கு ஐந்து என்று 20 அட்டைகளை அடுக்கி லேமினேட் செய்யுங்கள். பிறகு ஒவ்வோர் அட்டையைச் சுற்றியும் 3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விட்டு வெட்டி, நான்கு முனையையும் வட்டமாக்குங்கள். கூர்முனை கண்ணில் குத்தும். இரண்டு செட்டுக்கு 17 பவுச் போதும். 125 மைக்ரான் தடிமன் கேளுங்கள். 80 மைக்ரான் வளைந்து நொய்ந்துவிடும். அச்சு லேசரில் இருக்கட்டும். இங்க்ஜெட்டில் எடுத்தால் ஓரத்தில் நீர் புகுந்த அன்றே மை கலையும்.

கடையில் வாங்கும் சுவர்ப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்குவதற்கு முன் ல, ள, ழ வரும் சொற்களையும் ர, ற வரும் சொற்களையும் கடையிலேயே நின்று படியுங்கள். எழுத்துப் பிழை உள்ள படம் ஓராண்டு முழுவதும் பிள்ளையின் கண் முன்னால் தொங்கும்.

4. கணக்குப் பெட்டி

குச்சிகள். ஒரு குழுவுக்கு 120. பத்துக் குச்சி கொண்ட கட்டு 11, உதிரி 10. இரண்டு இலக்கக் கூட்டல், கழித்தல், கட்டைப் பிரித்துக் கடன் வாங்குதல் எல்லாம் இதற்குள் நடக்கும். மூன்று குழுவுக்கு 360, தொலைவதற்குச் சேர்த்து 400. ஐஸ் குச்சி வாங்கலாம். பணமில்லை என்றால் தென்னை ஈர்க்கை 10 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, இரு முனையையும் உப்புத்தாளில் தேய்த்து மழுக்குங்கள்.

கட்டுப் போட ரப்பர் பேண்டு வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலில் இரண்டு மாதத்தில் ஒட்டிப்போய் அறுந்துவிடும். பழைய சைக்கிள் டியூபைப் பஞ்சர் கடையில் கேட்டு வாங்கி, அரை அங்குல அகலத்துக்கு வளையம் வளையமாக வெட்டுங்கள். வருடக்கணக்கில் உழைக்கும். வகுப்பு முடியும்போது ‘பதினொரு கட்டு, பத்து உதிரி’ என்று பிள்ளைகளே எண்ணி வைப்பதால் ஒரு குச்சி குறைந்தாலும் தெரிந்துவிடும், எண்ணுவதே ஒரு பயிற்சியாகவும் ஆகும்.

விதைகள். புளியங்கொட்டை நல்லது. வண்டு துளைக்காமல் இருக்க ஒரு முறை வெறும் சட்டியில் சூடுபடுத்திக்கொள்ளுங்கள். இங்கே உயிர் போகும் ஆபத்து ஒன்று இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எண்ணுவதற்கு வைக்கிறார்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு உள்ள அந்த விதை கடும் விஷம். கடித்து மென்றால் ஒன்றிரண்டே குழந்தைக்கு ஆபத்து. ஆமணக்குக் கொட்டையும் அரளிக்காயும் அப்படியே. பிள்ளைகளிடம் விதை பொறுக்கிவரச் சொன்னால் இவை கட்டாயம் கலந்து வரும், பெட்டியில் போடும் முன் நீங்களே ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதல் வகுப்புக்குப் பட்டாணி, உளுந்து போன்ற சிறு பருப்புகளும் வேண்டாம், மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள்.

விளையாட்டுப் பணம். உண்மையான ரூபாய் நோட்டைக் கலர் ஜெராக்ஸ் எடுத்துப் பயன்படுத்தும் வழக்கம் இருக்கிறது. பணத்தாளைப் போன்ற ஒன்றை அச்சிடுவதே சட்டப்படி குற்றம். வெற்றுத்தாளில் ‘10’, ‘50’, ‘100’ என்று பெரிதாக எழுதி வேறு வேறு நிறம் தீட்டினால் போதும். நாணயங்களுக்கு வட்ட அட்டை.

தையற்கடை டேப் இரண்டு, ஒரு லிட்டர், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள், ஒரு கிலோவும் அரைக் கிலோவும் மணல் தைத்த பைகள், அட்டைக் கடிகாரம் மூன்று. இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. கடிகார முள்ளை மட்டும் ஊசி நூலால் சட்டைப் பொத்தான் வைத்துத் தையுங்கள். பித்தளைப் பின் ஒரு மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிடும்.

தெர்மாகோலில் எதையும் செய்யாதீர்கள். ஒரு வாரத்தில் உடைந்து மணிமணியாகக் கொட்டும். பெருக்கவும் முடியாது. ஆய்வுக்கு வருகிறவர் படம் எடுத்துக்கொள்வதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

5. புத்தகங்கள்

முப்பது பிள்ளைக்கு 40 முதல் 60 புத்தகம் போதும். 200 புத்தகத்தை அடைத்து வைத்தால் பிள்ளை எதையும் எடுக்காது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் உங்கள் பள்ளியிலேயே ஏதோ பெட்டியில் இருக்கக்கூடும், முதலில் அதைத் தேடுங்கள். மூன்றாம் வகுப்பு வரை நுழை, நட இரண்டும் முக்கியம். துறை வெளியிடும் இதழ்களில் ஊஞ்சல் 4, 5-ஆம் வகுப்புக்கும் தேன்சிட்டு 6 முதல் 9-ஆம் வகுப்புக்கும் உரியவை. அவற்றைக் கொண்டுவந்து அடுக்கி வாசிப்பு மூலை என்று கணக்குக் காட்டினால் சிறு பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் தரவிறக்கி அச்சடிக்கத் தடையில்லை. படைத்தவர்களின் பெயரும் உரிமக் குறிப்பும் உள்ள கடைசிப் பக்கத்தைக் கழிக்காமல் சேர்த்து அச்சடியுங்கள். முதல் நிலைக் கதைகளில் பக்கத்துக்கு ஒரு வரி இருப்பவையாகப் பொறுக்குங்கள். அச்சடித்ததை ஸ்டேப்ளர் அடிக்காமல் நூலால் தையுங்கள். மழைக்காலத்தில் பின் துருவேறி நடுப்பக்கம் கிழியும்.

அடுக்கும் முறை: முதுகு மட்டும் தெரிய அடுக்கினால் எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு அது வெறும் கோடு. அட்டைப்படம் முன்னால் தெரிய வேண்டும். மரச்சட்டத்தின் கொக்கிகளிலிருந்து நைலான் கயிற்றை இரண்டு வரிசையாகக் கட்டி, புத்தகத்தை நடுப்பக்கத்தில் விரித்துத் தொங்கவிடுங்கள். மேல் வரிசை 110 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு வரிசையில் 10 புத்தகத்துக்கு மேல் போட்டால் கயிறு தொய்யும். ஆக ஒரு நேரத்தில் 20 புத்தகம்தான் வெளியே இருக்கும். மீதி பெட்டியில். பதினைந்து நாளுக்கு ஒரு முறை மாற்றினால் பழைய புத்தகமே புதிதாகத் தெரியும்.

6. பணம்

ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. சமக்ர சிக்‌ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் வழிகாட்டுதலின்படி 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. கற்பித்தல் பொருள்களுக்கு இதிலிருந்து செலவிடலாம். நூலக மானியம் தனி. தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரை. எழுத்தில் இருக்கும் தொகை முழுதும் ஒவ்வோர் ஆண்டும் உரிய நேரத்தில் வந்து சேரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். ஜூனில் தொடங்கி, பணம் வரும்வரை கிடைத்த பொருளோடு ஓட்டும்படி வரிசைப்படுத்துங்கள். முதலில் கணக்குப் பெட்டி, பிறகு புத்தகக் கயிறு, பணம் வந்ததும் லேமினேஷன், கடைசியில் ரேக்.

மானியத்தில் வாங்கும்போது வரிசை மாறக் கூடாது: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம், விலைப்புள்ளி, வாங்குதல், பற்றுச்சீட்டு, இருப்புப் பதிவேடு, ரொக்கப் பதிவேடு. தணிக்கையில் அகப்படுவது பெரும்பாலும் தேதியில்தான். தீர்மானத் தேதிக்கு முந்தைய தேதியில் பில் இருந்தால் விளக்கம் எழுத வேண்டிவரும். தீர்மானத்தில் ‘கற்பித்தல் பொருள்கள் வாங்க’ என்று பொதுவாக எழுதாமல், பொருளையும் உச்சவரம்பையும் எழுதச் சொல்லுங்கள்.

முதலில் கைக்காசைப் போட்டு வாங்கிவிட்டுப் பிறகு மானியத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பணம் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கு நேரே போகும் நடைமுறையில் உங்களுக்குத் திரும்பி வர வழியில்லை. ஆகவே வங்கிக் கணக்கில் பணம் வாங்க ஒப்புக்கொள்ளும் கடையாகப் பார்த்து, கணக்கு விவரத்தை முன்னதாகவே வாங்கிவையுங்கள். துண்டுச் சீட்டு பில் செல்லாது. பள்ளியின் பெயர், தேதி, பில் எண், பொருள்வாரி விலை, வரிப் பதிவு எண் உள்ள பில்லாக இருக்கட்டும். சைக்கிள் டியூப், ஈர்க்கு மாதிரியானவற்றுக்குப் பில் கேட்டு அலையாதீர்கள், அவை இலவசக் கணக்கிலேயே இருக்கட்டும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடியும். பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருப்பதால் பிப்ரவரிக்குள் வாங்கி முடிப்பது தலைவலியைக் குறைக்கும்.

ஊரில் யாராவது தர முன்வந்தால் பணமாகக் கையில் வாங்க வேண்டாம், பொருளாகத் தரச் சொல்லுங்கள். பெரிய தொகை என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற அரசு நன்கொடைத் திட்டத்தின் வழியாகத் தரச் சொல்லலாம். பொருளாக வந்ததையும் இருப்புப் பதிவேட்டில் ‘நன்கொடை’ என்று குறித்து ஏற்ற வேண்டும்.

7. இருப்புப் பதிவேடு

மூலை பூட்டிக் கிடப்பதற்கு உண்மையான காரணம் இந்தப் பதிவேடுதான். ‘எழுத்து அட்டை – 334’ என்று ஏற்றிவிட்டால், ஓர் அட்டை தொலைந்தாலும் இருப்பு குறைகிறது. பொறுப்பு ஒப்படைக்கும்போது எண்ணிக் கொடுக்க வேண்டும் என்று பயந்து ஆசிரியர் அலமாரியைப் பூட்டுவார். ‘எழுத்து அட்டைத் தொகுப்பு – 2’ என்று ஏற்றுங்கள். குச்சி, விதை, தாள், பசை, பவுச் எல்லாம் நுகர்பொருள் பக்கம். பயன்படுத்தித் தீர்ந்தால் செலவு எழுதிவிடலாம். ரேக், பாய், பெட்டி, புத்தகம் நிலைப்பொருள் பக்கம்.

பில்லின் பின்புறம் ‘இருப்புப் பதிவேடு பக்கம் இத்தனை, வரிசை எண் இத்தனையில் ஏற்றப்பட்டது’ என்று எழுதித் தலைமையாசிரியர் கையொப்பம் வாங்குங்கள். புத்தகத்துக்குத் தனிப் பதிவேடு. வரிசை எண்ணைத் தலைப்புப் பக்கத்திலும் உள்ளே ஏதேனும் ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் எழுதி முத்திரை வையுங்கள். கிழிந்த புத்தகத்தை நீங்களாகக் குப்பையில் போடக் கூடாது. தனியாகக் கட்டிவைத்து, ஆண்டு இறுதி இருப்புச் சரிபார்ப்பில் காட்டி, முறைப்படி கழிவு செய்யுங்கள். கிழிவது குற்றமில்லை, கணக்கில் காட்டாததுதான் சிக்கல்.

8. பிள்ளைகளைப் பழக்குதல்

எல்லாப் பெட்டியையும் முதல் நாளே திறந்தால் மூன்றாம் நாள் எல்லாம் கலந்த குப்பைதான் மிஞ்சும். வாரத்துக்கு இரண்டு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் மூடியில் உள்ளே இருக்கும் பொருளின் படம், பக்கவாட்டில் ஒரு நிறம். ரேக் தட்டில் அதே நிறத்தில் ஒரு பட்டை. படிக்கத் தெரியாத பிள்ளையும் நிறத்தைப் பார்த்து வைத்துவிடும்.

முதல் நாள் எடுப்பதையும் வைப்பதையும் மட்டும் செய்யுங்கள், விளையாட்டு கிடையாது. இரண்டு பிள்ளைகள் எடுத்துவருவார்கள், திறந்து காட்டுவார்கள், மூடிக் கொண்டுபோய் வைப்பார்கள். சலிப்பாக இருக்கும், ஆனால் ஆண்டு முழுவதும் பலன் தரும். பிறகு 20 நிமிடம் வேலை, 5 நிமிடம் அடுக்கல். கைதட்டலோ பாட்டோ ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்த பிறகு அடுக்கச் சொன்னால் யாரும் அடுக்கமாட்டார்கள், எல்லார் கவனமும் சத்துணவுத் தட்டில் இருக்கும்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பணி அட்டை இருக்கட்டும். ‘இந்த ஐந்து படங்களுக்கும் பெயரை அட்டையில் அடுக்கு’, ‘கட்டும் உதிரியும் வைத்து 47 காட்டு’ என்று. பணி அட்டை இல்லாத பெட்டி அரை மணி நேரத்தில் சண்டைப் பொருளாகும். அரும்பு நிலைக்குப் படமாக, மற்ற இரண்டுக்கும் எழுத்தாக. பத்துப் பணி அட்டையில் தொடங்கி, பாடம் நகர நகர மாற்றுங்கள்.

9. மாதம் ஒரு முறை, ஆண்டுக்கு ஒரு முறை

மாதக் கடைசி வெள்ளியன்று பிள்ளைகளை வைத்தே எண்ணுங்கள். தொலைந்த எழுத்தை வெற்று அட்டையில் எழுதிச் சேர்த்துவிடலாம். அதற்காகவே அச்சடிக்கும்போது செட்டுக்கு 10 வெற்று அட்டை சேர்த்து லேமினேட் செய்து வையுங்கள். அழியா மார்க்கரால் எழுதினால் நிற்கும்.

பூச்சிக்கு நாப்தலின் உருண்டை போடாதீர்கள், மிட்டாய் என்று எடுத்து வாயில் போடும் வயது இது. காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போட்டு, மாதம் ஒரு முறை மாற்றுங்கள். ரேக் கால்கள் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கட்டும். கிளாம்புக்கு நடுவில் மரக்கட்டை கொடுத்தால் இடைவெளி கிடைக்கும். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும், இடைவெளி இருந்தால் மண்கோடு கண்ணில் பட்டுவிடும்.

கோடை விடுமுறைக்கு முன் புத்தகக் கயிற்றை அவிழ்த்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டு, பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். அறை எப்படி இருந்தது என்று கைபேசியில் நான்கு படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஜூனில் திரும்ப அடுக்க ஒரு மாலை போதும். சாவி ஒன்று தலைமையாசிரியரிடம் இருக்கட்டும். மே மாதத்தில் எந்த வேலைக்காகவாவது அறையைத் திறக்க வேண்டிவந்தால், பூட்டை உடைக்காமல் பெட்டிகளை மட்டும் நகர்த்தி வைப்பார்கள்.